ஒரு சாண் தூக்கி நிறுத்து

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. என் கண் எப்போதும்போல் சிவப்பு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. இந்த மூன்றையும் தவிர வீட்டில் குறை ஒன்றும் இல்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

போனில் நாம் பேசுவதெல்லாம் அம்மாவுக்காக என்று ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு அடுத்த வீட்டுக்கும் கேட்க வைக்கிறாள். நீ வைத்த பிறகு, "எம் பொண்ணு ஆகாசத்துல உக்காந்து வேல பாக்குறா, அவசரமாத்தான் பேச முடியும்" என்று அவர்களுக்கு விளக்கம் வேறு. அதனால்தான் கடிதம். இது நமக்கு மட்டும். நானும் பெருமையடிப்பதில் அம்மாவுக்குக் குறைந்தவன் இல்லை. என் அக்கா டவர் கிரேன் ஓட்டுகிறாள் என்று போன வாரம் தபால்காரரிடம் சொன்னபோது, "நாலாவது தடவ சொல்றீங்க தம்பி" என்றார்.

இப்போது என் சொந்தப் பெருமைக்கு வருகிறேன். அச்சகத்துக்கு ஒரு புத்தகம் வந்திருக்கிறது. கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வது எப்படி என்று, புதிதாகப் பழகுகிறவர்களுக்காக எழுதியது. புரூஃப் பார்க்கும் வேலை என்னுடையது. தெரிந்துவிட்டால் கனவில் நினைத்ததைச் செய்யலாம், பறக்கக்கூடச் செய்யலாமாம். தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு, விழித்ததும் அசையாமல் கிடந்து கனவை நினைவுக்குக் கொண்டுவந்து எழுத வேண்டும். பகலில் பத்துத் தடவையாவது 'இது கனவா?' என்று சோதித்துப் பார்க்க வேண்டும். விரலை எண்ணலாம்; கனவில் ஆறோ ஏழோ இருக்கும். அல்லது ஒரு வரியைப் படித்து, கண்ணை மூடித் திறந்து, மறுபடி படிக்கலாம். கனவில் எழுத்து மாறியிருக்கும். பகலில் செய்து பழகினால் கனவிலும் அதே பழக்கம் தானாக வரும்.

எதையும் இரண்டு தடவை படிப்பதற்குத்தான் அக்கா எனக்குச் சம்பளமே தருகிறார்கள். மற்றவர்களுக்கு மூன்று மாதம் என்றால் எனக்கு இருபது நாள் போதும். பறந்து போய் நீ பார்ப்பதையெல்லாம் பார்க்கப்போகிறேன்.

மேலே எப்படி இருக்கிறது? எழுது.

உன் எறும்பு

&nbsp;

பிப்ரவரி 22

அன்புள்ள எறும்புக்கு,

இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. சாப்பாடு சுமார். தூக்கம்தான் முன்னே பின்னே. அம்மாவை மொட்டை மாடிக்கு ஏற விடாதே, துணியை நீயே காயப்போடு.

ஐந்து வயதில் சர்க்கரை டப்பாவுக்குள் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தவன், இன்றைக்கு ஊரார் எழுத்தில் பிழை பொறுக்குகிறாய். அந்தப் பெயரை நான் சும்மா வைக்கவில்லை. உனக்கு இருபது நாளில் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். நம் வீட்டில் பிடிவாதத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

இங்கே புதிதாக நட்டும் போல்ட்டும் வந்து இறங்கின. நாலு அளவு. யாரோ புண்ணியவான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டான். பிரித்து அடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. ஸ்டோர் அலமாரிக்குப் பச்சை வண்ணம் அடிக்கிறார்கள். கையுறைப் பெட்டிக்குள் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. மேலே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

கேட்க நினைத்தேன். அந்தப் புத்தகத்தில் கெட்ட கனவைப் பற்றி ஏதாவது உண்டா? விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி தினமும் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறாள். அவளுக்காகத்தான்.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அக்கா

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள அக்கா,

அம்மா நலம். துணியை நான்தான் காயப்போடுகிறேன். அதற்கும் அவளிடம் திட்டு வாங்குகிறேன்.

உன் கடிதத்தைப் புரூஃப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, தொழில் புத்தி. எழுத்துப் பிழை ஒன்றே ஒன்று. அதை விட்டுவிடலாம். ஆனால் எழுதாமல் விட்டது நிறைய. மூன்று வருடமாக உன் கடிதம் எதுவும் காற்று இல்லாமல் தொடங்கியதில்லை. 'இன்று மேல்காற்று, கேபின் தொட்டில் மாதிரி ஆடுகிறது' என்பாய். 'பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி' என்பாய். காகிதத்தின் ஓரத்தில் கிரீஸ் விரல் அடையாளம் இருக்கும். இந்தத் தடவை காகிதம் சுத்தம். ஜனவரியில் வந்ததை எடுத்துப் பார்த்தேன், அதுவும் சுத்தம். கிரேன் ஓட்டுகிறவளை எந்தக் கம்பெனியும் போல்ட் பொறுக்க உட்கார வைக்காது அக்கா.

இதற்குமேல் நான் கேட்கவில்லை.

என் கதையைக் கேள். இருபது நாள் முடிந்தது. கனவில் எழுத்து நிஜமாகவே மாறுகிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பதினொரு கனவு. பதினொன்றிலும் முதல் தடவை ஒன்று, இரண்டாம் தடவை வேறொன்று. 'இது கனவு' என்று எனக்குத் தெரிய வேண்டுமா இல்லையா? தெரியவில்லை. பதினொரு தடவையும் சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்தியிருக்கிறேன். படுக்கையிலும் ஓவர்டைம் பார்க்கும் ஒரே புரூஃப் ரீடர் உன் தம்பிதான்.

பக்கத்துக் கட்டில்காரிக்குப் புத்தகம் சொல்வது இது: கெட்ட கனவு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் அது நல்லதாம், எங்கே கனவு என்று கண்டுபிடிக்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கண்டுபிடித்த பிறகு ஓடக் கூடாது. நின்று, வேறு மாதிரி முடிக்க வேண்டும். அவளிடம் சொல்.

எறும்பு

&nbsp;

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது, போன வருடத்திலிருந்து.

டிசம்பரில் ஒரு கம்பிக் கட்டு மேலே போகும்போது சாய்ந்துவிட்டது. ஒரு முனை நழுவி, கட்டு சுழன்று, சாரத்தில் அடித்தது. எனக்குக் கை காட்டும் சிக்னல்கார அண்ணன் அன்றைக்கு இரண்டாம் தளச் சாரத்தில் நின்றிருந்தார்; அங்கிருந்து குதித்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரணையில் காற்று என்று எழுதினார்கள். காற்றுமானியில் அந்த நேரத்துக்கு ஒரு வீச்சு பதிவாகி இருந்தது. என்மேல் தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்கு மறுநாள் ஏணியில் எட்டுப் படி ஏறினேன். ஒன்பதாவதில் கால் நின்றுவிட்டது. எனக்கு உயரம் பயமில்லை, அது உனக்குத் தெரியும். கால் நின்றது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஸ்டோரில் இருக்கிறேன். ஜூன் பதினைந்துக்குள் மேலே ஏறி, அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்டோர்தான் கடைசிவரை.

கனவில் நான் கேபினில் இருக்கிறேன். கட்டு ஆடுகிறது. அண்ணன் நேர் கீழே நிற்கிறார். லிவரில் என் கை இருக்கிறது, நகரவில்லை. தினமும் இதுதான். அந்தக் கம்பெனியில் கேபினில் உட்கார்ந்த முதல் பெண் நான். ஒரு நாளைக்கு நாற்பத்தாறு தூக்கு; ஆண்களில் ஒருத்தரும் அந்தக் கணக்கைத் தொட்டதில்லை. அந்தக் கையா இது என்று இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து பேசுகிறாள், பேசட்டும்.

நான் அழவில்லை. நீயும் அழாதே.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 5

அக்கா,

அம்மா நலம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அழுதேன், அச்சகத்துக் கழிவறையில், ஐந்து நிமிடம். முடிந்துவிட்டது.

நாற்பத்தாறு தூக்கு என்று நீ இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. இன்றைக்குத் தபால்காரருக்கு ஐந்தாவது தடவை சொல்லியாயிற்று.

இனி வேலை. நீயும் பழகு, நானும் பழகுகிறேன். தோற்றவன் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சிரிக்காதே, தோற்றவனுக்குத்தான் எங்கெங்கே வழுக்கும் என்று தெரியும். நோட்டு வை. பகலில் விரலை எண்ணு. படுக்கும்போது, 'அடுத்த கனவில் இது கனவென்று எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே தூங்கு; மந்திரம் மாதிரி முணுமுணுக்காதே, ஸ்டோர்க்காரியிடம் சாமான் கேட்கிற மாதிரி கேள். மதியத் தூக்கத்தில் இன்னும் சுலபம் என்று போட்டிருக்கிறது. தெரிந்ததும் குதூகலப்படாதே, விழிப்பு வந்துவிடும். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார். கனவு நிற்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

எறும்பு

&nbsp;

ஏப்ரல் 21

அன்புள்ள எறும்புக்கு,

சாப்பிடுகிறேன். பூனைக்குட்டிகள் ஸ்டோர் முழுக்க ஓடுகின்றன. ஒன்றுக்கு உன் பெயர்.

நோட்டில் பதினான்கு பக்கம் எழுதிவிட்டேன். பகலில் நான் விரலை எண்ணுவதைப் பார்த்து, ஸ்டோர் கணக்குப்பிள்ளை எனக்குக் கூட்டல் வராது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் கனவில் நடக்கவில்லை. ஏனென்று இன்றைக்குத்தான் புரிந்தது. கிரேன் ஓட்டுகிறவள் கையைப் பார்க்கவே மாட்டாள். கண் கொக்கியில் இருக்கும், கொக்கியில் தொங்குகிற பாரத்தில் இருக்கும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். கனவிலும் நான் பாரத்தைத்தான் பார்க்கிறேன். படிக்க அங்கே எழுத்தும் கிடையாது.

உன் புத்தகம் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு எழுதியது போலிருக்கிறது.

அக்கா

&nbsp;

மே 3

அன்புள்ள அக்கா,

அம்மாவும் நானும் நலம். என் கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஏனென்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே.

எங்கள் முதலாளி தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி, தன் அச்சகத்திலேயே அச்சடிக்கிறார். நாற்பத்தோராம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான் பிறந்தது ஓர் ஏழைக் குடும்பத்தில்.' சரி, சோதித்துப் பார்ப்போம் என்று கண்ணை மூடிப் பத்து எண்ணினேன். திறந்தேன். 'நான் பிறந்தது ஒரு செல்வக் குடும்பத்தில்.'

மூன்று மாதம் காத்திருந்தது வந்துவிட்டது என்று நினைத்தேன். குதூகலப்படவில்லை. உள்ளங்கையைத் தேய்த்தேன். சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன். நேராக முதலாளி அறைக்குப் போய், "சார், இந்தப் புத்தகத்துல நீங்க எங்கயுமே இல்ல. உங்க பேரு மட்டும்தான் இருக்கு" என்றேன். பிறகு வெளியே வந்து, காகிதக் கட்டின்மேல் ஏறி, கையை விரித்துக் குதித்தேன். மூன்றடி உயரம். தரை மிகவும் நிஜமாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், முதலாளி காலையில் மனம் மாறி அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறார். டைப் செய்கிற பெண் புதுத் தாளைக் கொண்டுவந்திருக்கிறாள். "கண்ண மூடி உக்காந்திருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாமேன்னு மாத்தி வெச்சுட்டுப் போயிட்டேன்" என்கிறாள்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ஏழைக் குடும்பமும் இல்ல, பணக்காரக் குடும்பமும் இல்லப்பா. எங்கப்பா பத்து வருஷம் வேலைக்கே போகல. ஊருக்குத் தெரியாம மறச்சோம். அத எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் சார் என்றேன். இப்போது தினமும் ஒரு மணி நேரம் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். புத்தகத்தில் தொகுத்தவன் என்று என் பெயர் வருகிறது. பிழை திருத்தினவனுக்குப் பெயர் போடுவது இந்த அச்சகத்தில் இதுதான் முதல் தடவை. உனக்கு ஒரு முதல் என்றால் எனக்கும் ஒரு முதல்.

உன் கனவு எப்படி இருக்கிறது?

எறும்பு

&nbsp;

மே 10

டேய் எறும்பு,

கணுக்காலுக்கு ஒத்தடம் கொடு. உன் கடிதத்தைப் படித்து, டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு வலிக்கச் சிரித்தேன். பெயர் அச்சில் வரட்டும், முதல் பிரதி எனக்கு.

சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. நீ குதித்தது மூன்றடி. நான் உட்காருகிற இடம் அறுபது மீட்டர். நிஜத்தைக் கனவென்று நினைத்து நான் ஒரு லிவரைத் தள்ளினால் கீழே எத்தனை பேர் என்று யோசித்தாயா? இனிமேல் எழுத்து மாறினாலும் விரல் முளைத்தாலும், இன்னும் ஒரு சோதனை பார்க்காமல் எதையும் நம்பாதே.

உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. எங்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. பாரத்தைக் கொக்கியில் மாட்டியதும் நேரே மேலே தூக்கக் கூடாது. ஒரு சாண் தூக்கி, நிறுத்த வேண்டும். கட்டு சமமாக நிற்கிறதா, ஏதாவது நழுவுகிறதா என்று கீழே இருப்பவர் சுற்றிப் பார்ப்பார். அவர் கை காட்டிய பிறகுதான் மேலே போகும். முதல் நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதே அதுதான்: ஒரு சாண் தூக்கி நிறுத்து. கண் பாரத்தில் இருக்கும்போதே செய்கிற சோதனை. கையைப் பார்க்க வேண்டியதில்லை.

இதைப் பகலில் பழகிக்கொண்டிருக்கிறேன். போல்ட் பெட்டியைத் தூக்கினாலும் சரி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சரி, ஒரு சாண் தூக்கி நிறுத்தி, நிற்கிறதா என்று பார்க்கிறேன். நிஜத்தில் நிற்கும். கனவில் நிற்காது என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் பட்டை புதிதாக வாங்கு.

அக்கா

&nbsp;

மே 15

அக்கா,

எல்லோரும் சுகம். முழங்கால் பட்டை வாங்கியாயிற்று.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

டிசம்பரில் அந்தக் கட்டை ஒரு சாண் தூக்கி நிறுத்தினாயா?

எறும்பு

&nbsp;

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இதை எழுத இத்தனை நாள் வேண்டியிருந்தது.

நிறுத்தவில்லை.

அன்றைக்கு அது நாற்பத்தேழாவது தூக்கு. என் கணக்கை நானே முறியடிக்கப்போகிறேன் என்று மிதப்பில் இருந்தேன். கொக்கி மாட்டியதும் நேரே தூக்கிவிட்டேன். கட்டு ஒரு பக்கம் கனமாக இருந்தது, நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். காற்று அடித்தது உண்மை, ஆனால் காற்று வருவதற்கு முன்பே அது சாய்ந்துவிட்டது. விசாரணையில் காற்று என்று அவர்களாகவே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் கணக்கையும் பெயரையும் காப்பாற்றிக்கொண்டேன்.

போன செவ்வாய் மதியம் ஸ்டோரில் சாக்குமேல் படுத்திருந்தேன். அதே கனவு. கேபின், கட்டு, கீழே அண்ணன். ஒரு சாண் தூக்கினேன், லிவரை நடுவில் வைத்தேன். கட்டு நிற்கவில்லை. லிவர் நடுவில் இருக்கிறது, கட்டு தானாக ஏறுகிறது. எந்தக் கிரேனும் அப்படி ஏறாது. இது கனவு என்று தெரிந்துவிட்டது எறும்பு. தெளிவாக, நீ எழுதியது போலவே தெரிந்தது. உள்ளங்கையைத் தேய்த்தேன். கதவு திறந்திருந்தது, பறந்திருக்கலாம். எனக்குப் பறக்கத் தோன்றவில்லை. பாரம் கொக்கியில் தொங்கும்போது ஓட்டுகிறவள் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்து, கட்டை மெதுவாக இறக்கினேன். கீழே மரக்கட்டைகளின்மேல் சத்தமில்லாமல் வைத்தேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, நிற்கட்டும் என்று கையை மூடிக் காட்டினார். அதோடு விழித்துவிட்டேன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். நான் சொல்ல ஆரம்பித்ததும், "எனக்குத் தெரியும்மா. நில்லுன்னு கைய மூடிக் காட்டினேன். நீ நிக்கல" என்றார்.

"ஏண்ணே விசாரணையில சொல்லல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ஆறு மாசம் ஆக்கிட்டே."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சாப்பிட்டேன்.

மறுநாள் இன்ஜினியரிடம் சொன்னேன். "எழுத்துல கொடுப்பியா?" என்றார். கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள், கோப்பில் கடைசிவரை இருக்கும். நாற்பத்தாறு தூக்குக் கணக்கையும் அலுவலகப் பலகையிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டேன். அதில் எத்தனை தூக்கில் நிறுத்திப் பார்த்தேன் என்று எனக்கே சந்தேகம். தேர்வு உண்டு என்கிறார்கள். பதினைந்தாம் தேதி.

கனவு அதற்குப் பிறகு வரவில்லை. ஏணி இருக்கிறது. ஒன்பதாவது படியும் அங்கேயேதான் இருக்கிறது.

அக்கா

&nbsp;

ஜூன் 15

அன்புள்ள எறும்புக்கு,

தென்மேற்குக் காற்று, லேசாகத்தான். கேபின் தொட்டில் மாதிரி ஆடுகிறது. பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி. ஓரத்தில் கிரீஸ் பட்டுவிட்டது, பொறுத்துக்கொள். நான் நலம். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒன்பதாவது படியில் கால் நிற்கத்தான் செய்தது. கீழே இன்ஜினியர், மேற்பார்வைக்காரர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல்கார அண்ணன் இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். கத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஒரு சாண் என்று கையை அகட்டிக் காட்டினார். ஒரு படி ஏறி நின்றேன். மறுபடி காட்டினார். இன்னொரு படி. அறுபது மீட்டரையும் அப்படித்தான் ஏறினேன், நாற்பது நிமிடம் ஆயிற்று. அத்தனை மெதுவாக இந்த ஏணியில் ஏறியவர்கள் யாரும் இல்லை. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

தேர்வுக்கு ஐந்து தூக்கு. ஐந்தையும் ஒரு சாண் தூக்கி நிறுத்தினேன். ஐந்தும் நின்றன. இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது சாப்பாட்டு நேரம், கொக்கி காலி, லிவர் பூட்டியிருக்கிறது. மேலே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஓர் எழுத்தும் மாறவில்லை.

டிசம்பரிலிருந்து நான் உனக்கு எழுதியவற்றையெல்லாம் எடுத்து வரிசையாக வை. அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டு. நாற்பத்தேழாவது தூக்கை விட்டுவிடாதே. அடுத்த வீட்டுக்காரி இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா